கையைத் தூக்கினேன் மிஸ்

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு ஐம்பத்திரண்டு.

சீடரின் பெயர் கமலவேணி. விருதுநகரில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்தேழு வருடமாக இயற்பியல் நடத்துகிறவர். கமலவேணி டீச்சர் கணக்குப் போட்டால் அழிப்பானுக்கு லீவு என்று பிள்ளைகள் சொல்வார்கள். அவ்வளவு சுத்தம்.

குருவின் பெயர் ஜெசிந்தா. மதுரையில் ஒரு நாடகக் குழுவின் மேடைப் பொறுப்பாளர். விளக்கு, திரை, கயிறு, ஏணி, ஒலிபெருக்கி என்று நடிகர்களைத் தவிர மேடையில் உள்ள அத்தனையும் அவர் பொறுப்பு.

இருவரையும் சேர்த்து வைத்தது ஒரு கடிதம். பள்ளியின் முன்னாள் மாணவியர் சங்கம் எழுதியது. 'நம் பள்ளி மேடைக்கு வேண்டிய கருவிகளை நாங்கள் வாங்கித் தருகிறோம். அவற்றை மாணவிகளே கற்றுக்கொண்டு இயக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பட்டியலை அனுப்புங்கள்.'

தலைமையாசிரியை இந்திராணி கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டுக் கமலவேணியிடம் நீட்டினார்.

"கரண்ட் சமாச்சாரம். நீங்கதான் பார்க்கணும்."

கமலவேணி மூன்று கம்பெனிகளுக்கு எழுதினார். மூன்றும் வழவழப்பான படப் புத்தகங்களை அனுப்பின. தானே தலையைத் திருப்பும் விளக்குகள், தரையோடு தவழும் புகையைக் கக்கும் பெட்டிகள், விமானி உட்காரும் இடம்போலப் பொத்தான்கள் நிறைந்த பலகைகள். புரட்டப் புரட்ட ஆசை ஏறியது. ஆசை ஏற ஏறக் குழப்பமும் ஏறியது. எது முதலில்? எது தேவை? எது வெறும் ஜிகினா?

யாரோ ஜெசிந்தாவின் பெயரைச் சொன்னார்கள். ஒரு சனிக்கிழமை காலை மூன்று புத்தகங்களையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு கமலவேணி மதுரைக்கு பஸ் ஏறினார்.

அரங்கத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. மேடையின் நடுவில் ஒல்லியாக, முழங்கைவரை சட்டையை மடித்துவிட்ட ஒரு பெண் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"மேடம், வணக்கம். நான்..."

"மேடம்னு கூப்பிட்டா இங்க ஒருத்தரும் திரும்ப மாட்டாங்க டீச்சர். ஜெசிந்தான்னு கூப்பிடுங்க."

கமலவேணி பையிலிருந்து புத்தகங்களை எடுத்தார்.

"எங்க பிள்ளைங்களுக்கு இதுல எதை முதல்ல வாங்கணும்?"

ஜெசிந்தா புத்தகங்களைப் பார்க்கவே இல்லை. "சாப்பிட்டீங்களா?" என்றார்.

"இன்னும் இல்லை."

"நானும் இல்லை. வேலை முடிஞ்சதும் சேர்ந்து சாப்பிடுவோம். அதுவரைக்கும் இங்க நின்னு பார்த்துக்கிட்டு இருங்க."

சொல்லிவிட்டுத் தன் எவர்சில்வர் டிபன் டப்பாவை எடுத்து வந்து மேடையின் நடுவில், வெறும் தரையில் வைத்தார். பிறகு ஓரமாகப் போய் ஒருவரோடு பேச ஆரம்பித்தார்.

மேடைக்கு மேலே நீளமான ஓர் இரும்புக் குழாய் தொங்கியது. அதில் பன்னிரண்டு விளக்குகள். அதை 'பார்' என்று அழைத்தார்கள். பக்கத்துச் சுவரோரம் மூன்று பேர் கயிற்றைப் பிடித்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள்.

"நில்!" என்று எங்கிருந்தோ ஒரு குரல்.

மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். பார் நின்றது. ஜெசிந்தாவின் பேச்சும் பாதியில் நின்றது.

"நன்றி," என்றார் ஜெசிந்தா. அதற்குப் பிறகுதான் தலையை நிமிர்த்தி, "என்ன?" என்று கேட்டார்.

"வயர் இழுக்குதுக்கா."

ஒருவர் ஏறி வயரைத் தளர்த்தினார். வேலை தொடர்ந்தது.

பார் மறுபடி இறங்கியது. அது நேராக டிபன் டப்பாவின் மேல்தான் இறங்குகிறது என்பதைக் கமலவேணி உடனே பார்த்துவிட்டார். இயற்பியல் படித்தவருக்கு அது தெரியாதா? ஆனால் இவர்கள் தினமும் செய்கிற வேலை. வந்த இடத்தில் நாம் என்ன கூச்சல் போடுவது? ஜெசிந்தா வேறு பேசிக்கொண்டிருக்கிறார். முடிக்கட்டும். பார் தலை உயரத்துக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. கமலவேணி "ஏங்க..." என்று இழுத்தார். வலது கை தானாகத் தோள்வரை உயர்ந்தது.

நறுக்.

கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் சிரித்தார்கள். "அக்கா, இந்த வருஷத்துல இது நாலாவது டப்பா," என்றார் அவர்களில் ஒருவர். "பாத்திரக் கடைக்காரர் எதுக்குன்னு கேக்கிறதையே விட்டுட்டார்."

ஜெசிந்தா ஸ்க்ரூடிரைவரால் டப்பாவை நெம்பித் திறந்தார். உள்ளே புளியோதரை அடைபோலத் தட்டையாகியிருந்தது. பாதியைப் பெயர்த்துக் கமலவேணிக்குக் கொடுத்தார்.

"டப்பாவைப் பார்த்தீங்களா டீச்சர்?"

"பார்த்தேன்."

"எப்போ?"

"பார் மேலே இருக்கும்போதே."

"ஏன் சொல்லலை?"

"நீங்க பேசிக்கிட்டிருந்தீங்க. முடிச்சதும் சொல்லலாம்னு..."

ஜெசிந்தா ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு துணிப்பையைக் காட்டிக் கேட்டார்.

"அந்த மூணு புத்தகத்துல இருக்கிறதுல எதை வாங்கியிருந்தா என் டப்பா தப்பிச்சிருக்கும்?"

கமலவேணி தன் பாதியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். புளியோதரை நன்றாகத்தான் இருந்தது.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டதுபோல இருந்தது. ஆபத்தைக் கண்டால் 'நில்' என்று சொல்ல வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும். இருபத்தேழு வருடமாகச் சொல்லிக்கொடுத்தே பழகியவருக்கு இது என்ன பிரமாதம்?

ஒன்பதாம் வகுப்பில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார். கரும்பலகையில் எழுதினார்: 'மேடையில் ஆபத்தைக் கண்டால் உடனே நில் என்று உரக்கச் சொல்ல வேண்டும்.' பத்துப் பேரும் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார்கள். பத்துப் பேரும் ஒரே குரலில் 'நில்' என்று பத்து முறை சொன்னார்கள். ஒருத்தி சிவப்பு மையால் அடிக்கோடும் போட்டாள். கமலவேணிக்கு ஒரே திருப்தி.

அடுத்த புதன்கிழமை வேலை ஆரம்பமானது.

பள்ளி மேடையிலும் ஒரு பார் உண்டு. பழைய குழாய், நான்கு பழைய விளக்குகள். நான்கு பெண்கள் கயிற்றைப் பிடித்து அதை இறக்கினார்கள். பக்கத்தில் ஒரு மர ஏணியில் ஏறி மாரிச்செல்வி சுவர் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாரிச்செல்வி வாயாடி. துடைக்கும்போதும் பேச்சு நிற்காது. கமலவேணி கீழே நின்று கயிற்றுக்காரிகளுக்கு இழுவிசையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

பாரிலிருந்து தொங்கிய வயர் ஒன்று ஏணியின் உச்சியில் சுற்றிக்கொண்டது. பார் இறங்க இறங்க ஏணி சாய்ந்தது.

"அய்யய்யோ!" என்று மாரிச்செல்வி கத்தியதும்தான் எல்லாரும் திரும்பினார்கள். ஏணி விழுந்தது. மாரிச்செல்வி குதித்தாள். மடித்து வைத்திருந்த பழைய திரைச்சீலைக் குவியல்மேல் விழுந்ததால் முட்டியில் சிராய்ப்போடு தப்பித்தாள்.

"மிஸ், நான் பறந்தேன் மிஸ்!"

கமலவேணி ஈரத் துணியோடு ஓடி வந்தார். முட்டியைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் அரை இருட்டில் தஸ்லிமா நிற்பது தெரிந்தது. வகுப்பிலேயே அமைதியான பெண். அவள் வலது கை நேராக மேலே நீட்டியிருந்தது. நெடுநேரம் தூக்கினால் வலிக்குமே, அதற்காக இடது கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"நீ பார்த்தியா தஸ்லிமா?"

"பார்த்தேன் மிஸ். வயர் மாட்டினப்பவே."

"அப்போ சொல்றதுக்கு என்ன?"

"கையைத் தூக்கினேன் மிஸ். நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க."

அவள் இன்னும் கையை இறக்கவில்லை.

விஷயம் மதிய இடைவேளைக்குள் தலைமையாசிரியையின் காதுக்குப் போய்விட்டது. இந்திராணி கூப்பிட்டனுப்பினார்.

"கமலவேணி, இது சரிப்பட்டு வருமா? பெத்தவங்க வந்து நின்னா பதில் சொல்றது நான். ஆண்டு விழாவுக்கு எப்பவும்போல வெளியாளுங்க ரெண்டு பேரைக் கூப்பிட்டுக்கலாம். சங்கத்துக்கு முடியாதுன்னு எழுதிடுறேன்."

"எனக்குக் கடைசி வெள்ளிக்கிழமை வரைக்கும் அவகாசம் கொடுங்க."

"கொடுத்தா?"

"நீங்களே வந்து பாருங்க. உங்களுக்குச் சரின்னு படலைன்னா நானே அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுக்கிறேன்."

பதினாறு நாள் இருந்தது. அன்று மாலையே ஜெசிந்தாவுக்குப் போன் செய்தார்.

"சொல்லிக்கொடுத்தேன். எழுதிக்கவும் செஞ்சாங்க. ஆனா வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க. என்ன செய்யட்டும்?"

"டீச்சர், நீங்க போர்டுல கணக்குப் போட்டா தப்பு வருமா?"

"வராது." பெருமையை மறைக்கத் தெரியவில்லை.

"நாளையிலிருந்து வரட்டும்," என்று சொல்லி ஜெசிந்தா வைத்துவிட்டார்.

மறுநாள் ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் கமலவேணி எழுதினார்: வேகம் = தூரம் × நேரம்.

வாழ்நாளில் அப்படி எழுதியதில்லை. வகுத்தலுக்குப் பதில் பெருக்கல். யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தார். நாற்பத்திரண்டு பேரும் குனிந்து எழுதினார்கள். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி பாடப்புத்தகத்தைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், மறுபடி புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்துப் பாடப்புத்தகத்தில் இருந்ததை அடித்துத் திருத்தினாள்.

கமலவேணி அதைப் பார்த்தார். ஏணி விழுந்தபோதுகூட அவர் அவ்வளவு பயப்படவில்லை.

இரண்டாம் நாளும் அந்தச் சூத்திரம் பலகையில் நின்றது. மூன்றாம் நாள் அதை வைத்து ஒரு கணக்கே போட்டார். ஐம்பது கிலோமீட்டர் தூரத்தை இரண்டு மணி நேரத்தில் கடக்கும் பஸ். ஐம்பதை இரண்டால் பெருக்கி, மணிக்கு நூறு கிலோமீட்டர் என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"மிஸ், அந்த பஸ்ல நான் போயிருக்கேன் மிஸ்," என்றது கடைசி பெஞ்ச். மாரிச்செல்விதான். "அது நூறுல எல்லாம் போகாது. சைக்கிள்காரன் டாட்டா காட்டிட்டுப் போவான்."

வகுப்பு சிரித்தது. சிரித்த வேகத்தில் அடங்கியது. எல்லாரும் கமலவேணியின் முகத்தையே பார்த்தார்கள்.

'கையைத் தூக்காமல் என்ன பேச்சு?' என்ற வாக்கியம் அவருடைய நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இருபத்தேழு வருடமாக அது அங்கேதான் குடியிருக்கிறது. அதை அப்படியே விழுங்கினார்.

"நன்றி மாரிச்செல்வி," என்றார். அதற்குப் பிறகுதான் பலகையின் பக்கம் திரும்பினார்.

அன்றிலிருந்து மடை திறந்தது. "மிஸ், தேதி தப்பு." "மிஸ், உங்க சேலைத் தலைப்புல சாக்பீஸ்." "மிஸ், மின்விசிறி ஆடுது." சரியாகச் சொன்னவர்களும் உண்டு, தப்பாகச் சொன்னவர்களும் உண்டு. ஏழெட்டு ஐம்பத்தாறு இல்லை, ஐம்பத்தெட்டு என்று ஒருத்தி அடித்துப் பேசினாள். அவளுக்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் பலகையைப் பார்த்தார். சரியான 'நில்'லுக்கு நன்றி சொல்வது சுலபமாக இருந்தது. தப்பான 'நில்'லுக்குச் சொல்வதற்கு ஒவ்வொரு முறையும் எச்சில் விழுங்க வேண்டியிருந்தது.

மாலையில் மேடையில் அதே பத்துப் பேர். இப்போது குரல்கள் கேட்டன. யார் 'நில்' என்றாலும் வேலை நின்றது. எதற்காக நின்றது என்பதை ஒரு நோட்டில் எழுதினார்கள். மாரிச்செல்வி அதன் அட்டையில் கொட்டை எழுத்தில் 'நில் நோட்டு' என்று எழுதி, பக்கத்தில் ஏணியிலிருந்து பறக்கும் ஒரு பெண்ணின் படத்தையும் வரைந்தாள்.

தஸ்லிமா மட்டும் வாயைத் திறக்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் அவள் கண்ணுக்குத்தான் எதுவும் படும். பார்ப்பாள். கை பாதி உயரும். அதற்குள் வேறு யாராவது கத்திவிடுவார்கள். அவளைக் கூப்பிட்டுப் பேசலாமா என்று கமலவேணி பல முறை நினைத்தார். பேசவில்லை. ஏற்கெனவே நிறையப் பேசியாகிவிட்டது என்று தோன்றியது.

கடைசி வாரத்தில் அவர் படப் புத்தகங்களையும் நில் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நோட்டைப் புரட்டினார். ஏணி ஆடுகிறது என்று ஒன்பது முறை நின்றிருந்தார்கள். வயர் காலைத் தடுக்குகிறது என்று ஏழு முறை. கயிறு உள்ளங்கையை அறுக்கிறது, விளக்கின் கொக்கி வழுக்குகிறது, கூடத்தின் கடைசியில் விளக்குகளின் சுவிட்சுப் பலகையில் இருப்பவளுக்கு மேடையில் சொல்வது கேட்கவில்லை. தலையைத் திருப்பும் விளக்கு இல்லையே என்று ஒருவரும் ஒருநாளும் வேலையை நிறுத்தவில்லை. புகைப் பெட்டிக்காகவும் நிறுத்தவில்லை.

கமலவேணி பேனாவைத் திறந்தார். தானாக நிற்கும் அலுமினிய ஏணி. கையுறைகள், தலைக்கவசங்கள். தரையில் வயர்களை மூடும் ரப்பர்ப் பட்டைகள். கொக்கி வழுக்கினாலும் விளக்கு விழாமல் பிடித்துக்கொள்ளும் சிறு சங்கிலிகள், ஒவ்வொரு விளக்குக்கும் ஒன்று. மேடையிலிருந்து கூடத்துக் கடைசிக்குப் பேசிக்கொள்ளக் காதில் மாட்டும் கருவிகள் நான்கு. அதற்கெல்லாம் கீழே பன்னிரண்டு சாதாரண விளக்குகள், அவற்றின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னப் பலகை. பயிற்சிக்கு ஜெசிந்தாவின் குழுவினர் மாதம் இரண்டு நாள்.

அதைப் படம் பிடித்து ஜெசிந்தாவுக்கு அனுப்பினார்.

'யார் எழுதினது?' என்று பதில் வந்தது.

'பிள்ளைங்க,' என்று அனுப்பினார் கமலவேணி.

வெள்ளிக்கிழமை மாலை இந்திராணி வந்தார். அவர் வருவதை அவருடைய செருப்புச் சத்தம் முன்னால் வந்து அறிவிக்கும். சத்தம் கேட்டதும் பத்துப் பேரும் விறைத்து நின்றார்கள்.

"என்னை மறந்துட்டு உங்க வேலையைப் பாருங்க," என்று சொல்லிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார்.

வேலை நடந்தது. ஒருத்தி செய்ய வேண்டியதைச் சொன்னாள், மற்றவள் 'சரி' என்றாள். ஏணியை இருவர் பிடிக்க ஒருத்தி ஏறினாள். வயர்கள் சுவரோரமாகப் போயின. எங்கும் பதற்றமில்லை. இந்திராணியின் புருவங்கள் மெல்ல இறங்கின. பதினாலு வயதுப் பிள்ளைகள் இவ்வளவு ஒழுங்காக ஒரு வேலையைப் பங்கிட்டுச் செய்து அவர் பார்த்ததில்லை. உட்கார்ந்திருக்கப் பொறுக்காமல் எழுந்தார், படியேறினார்.

"கமலவேணி, ஆண்டு விழாவுக்கு இந்த இடத்துல ஒரு கோட்டை வாசல் வெச்சோம்னா..." என்று பேசிக்கொண்டே மேடையில் நடந்தார். பின்பக்கம் பார் இறங்கிக்கொண்டிருந்தது.

"நில்லுங்க!"

கூடமே அதிர்ந்தது. அப்படி ஒரு குரலை அந்தப் பள்ளி கேட்டதில்லை. கயிற்றுக்காரிகள் உறைந்தார்கள். பார் நின்றது. தலைமையாசிரியையும் நின்றார், ஒரு கால் தரையில், மறுகால் அந்தரத்தில்.

கத்தியது தஸ்லிமா.

இந்திராணியின் முகம் சிவந்தது. கமலவேணி வாயைத் திறந்தார்.

"நன்றி தஸ்லிமா. என்ன பார்த்தே?"

"கயிறு... மேலே கப்பிக்கிட்ட... பிரி பிரியா அறுந்து தொங்குது மிஸ்."

மாரிச்செல்வி டார்ச் அடித்தாள். எல்லாரும் அண்ணாந்தார்கள். கயிற்றில் ஒரு வெள்ளை ரிப்பன் ஒட்டிக்கொண்டு ஆடியது. போன வருட ஆண்டு விழா அலங்காரத்தில் மிஞ்சியது. கயிறு முழுசாக இருந்தது.

தஸ்லிமாவின் காதுமடல்கள் சிவந்தன.

"ஒரு ரிப்பனுக்கா என்னை ஒத்தக்கால்ல நிக்க வெச்சீங்க?" என்றார் இந்திராணி. ஆனால் காலை இறக்கவில்லை. "சரி. இப்போ நான் காலைக் கீழே வைக்கலாமா?"

கேட்டது கமலவேணியிடம். கமலவேணி தஸ்லிமாவைப் பார்த்தார்.

முப்பது வருடத்தில் இந்திராணி எந்தப் பிள்ளையிடமும் அனுமதி கேட்டதில்லை. பக்கத்தில் இருந்த தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினார்.

"வைக்கலாமா தஸ்லிமா?"

அந்தப் பெண் அவசரப்படவில்லை. கப்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கயிற்றை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தலைமையாசிரியையின் காலடியைப் பார்த்தாள்.

"வைக்கலாம் மிஸ்."

கால் இறங்கியது. பார் இறங்கியது. அவர்கள் கற்றிருந்தபடியே மற்ற ஒன்பது பேரும் தஸ்லிமாவைப் பார்த்து, "நன்றி," என்றார்கள். மாரிச்செல்வி மட்டும் அதோடு நிறுத்தாமல், "நன்றி ரிப்பன் ராணி," என்றாள்.

இந்திராணி பட்டியல் இருந்த மேஜைக்குப் போனார். பட்டியலைக் கடைசிவரை படித்தார். "புகை, கலர் லைட்டு எதுவும் காணோமே?"

"யாரும் கேக்கலை."

கையெழுத்துப் போட்டார். ஆனால் தாளை உடனே கொடுக்கவில்லை.

"நான் போட்டுட்டேன். அனுப்புறதா கிழிக்கிறதான்னு நீங்க முடிவு பண்ணுங்க. அந்தப் பொண்ணு இன்னைக்கு ஒண்ணுமில்லாததுக்குக் கத்தி என் முன்னால வெட்கப்பட்டுப் போச்சு. நாளைக்கு நிஜமாவே கயிறு அறுந்தா கத்துமா, இல்லை இதை நினைச்சு வாயை மூடிக்குமா? இதுக்கு உங்ககிட்ட பதில் இருந்தா அனுப்புங்க. இல்லைன்னா வேண்டாம். இது பிள்ளைங்க உயிர்."

செருப்புச் சத்தம் போய்விட்டது.

கமலவேணி அவர் கொடுத்துவிட்டுப் போன தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மேடையில் பிள்ளைகள் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். தஸ்லிமா ஒரு மூலையில் உட்கார்ந்து தலையை நிமிர்த்தாமல் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். போய்க் கேட்டால் 'கத்துவேன் மிஸ்' என்பாள். டீச்சர் கேட்டால் அப்படித்தானே சொல்ல வேண்டும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

போனை எடுத்து ஜெசிந்தாவைக் கூப்பிட்டார். நடந்ததை எல்லாம் சொன்னார். வகுப்பில் பாடம் நடத்தும்போது நடப்பதுபோல மேடையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே சொன்னார்.

"நன்றி சொன்னீங்களா?" என்றார் ஜெசிந்தா.

"சொன்னேன். பார்க்கிறதுக்கு முன்னாடியே சொன்னேன்."

"பிள்ளைங்க?"

"அவங்களும். ஒருத்தி கேலியும் பண்ணினா."

"அது நல்லது."

"எது நல்லதோ எனக்குத் தெரியலை. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சே உட்கார்ந்திருக்கு. நான் ஒரு அவசரக்காரியா? இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருக்கணுமோ?" கமலவேணி போனைக் காதில் அழுத்திக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்தபடியே ஓரடி பின்னால் வைத்தார். இன்னோர் அடி வைத்தார். "நீங்கதான் சொல்லணும் ஜெசிந்தா. அவ மறுபடியும்..."

"நில்லுங்க மிஸ்!"

கமலவேணி நின்றார். திரும்பிப் பார்த்தார். மேடையின் விளிம்பு. வலது குதிகாலில் பாதி வெளியே இருந்தது. கீழே ஐந்தடி பள்ளம்.

மூலையில் தஸ்லிமா எழுந்து நின்றிருந்தாள். சுருட்டிய வயர் தரையில் கிடந்தது. இரண்டு கைகளும் கீழே இருந்தன.

"நன்றி தஸ்லிமா," என்றார் கமலவேணி. போனை மறுபடி காதில் வைத்தார்.

"ஜெசிந்தா, நான் கேட்டதுக்கு..."

"இங்கவரைக்கும் கேட்டுச்சு டீச்சர்," என்றார் ஜெசிந்தா. "பட்டியலை அனுப்புங்க."